கொல்லிமலை ரோட்டில் என் இடது சக்கரம்

கொல்லிமலை ரோட்டு வளைவுகளில் இப்போது வட்டக் கண்ணாடிகள் நட்டு வைத்திருக்கிறார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டி இந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்ற மாதம் மலையடிவாரத்துக் காரவள்ளி டீக்கடையில், மோட்டார் சைக்கிளில் மலையேற வந்த பிள்ளைகள் சிலர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மோட்டார் சைக்கிளிலிருந்து காருக்கு மாறிய பழைய பந்தயக்காரன் என்று கடைக்காரர் போட்டுக் கொடுத்துவிட்டார். "இந்தக் கண்ணாடியெல்லாம் இல்லாதப்ப எப்படிங்க ஓட்டுனீங்க?" என்று ஒருவன் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவன், "ரெண்டு சக்கரத்துல ஓட்டுனவருக்கு நாலு சக்கரம் கிடைச்சா சுலபம்தானுங்களே" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எண்பதைத் தாண்டியும் இந்தக் கோபம் மட்டும் ஓய்வு பெறவில்லை. டீ ஆறிப்போகும் வரை அவனுக்குப் பதில் சொன்னேன். அப்படியும் பாதிதான் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அவர்களுக்கு இருட்டுவதற்குள் மலைமேல் செம்மேடு போய்ச் சேர வேண்டும். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் அடிவாரத்துக்காரன். எங்கள் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கொல்லிமலை கண்ணை அடைத்துக்கொண்டு நிற்கும். அப்பா மரவள்ளிக்கிழங்கு போட்டார், நிலக்கடலை போட்டார், நானும் அதையே செய்வேன் என்று நம்பினார். நானோ நாமக்கல் பக்கத்தில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்துவிட்டேன். கம்பெனி முதலாளிக்குப் பந்தயப் பைத்தியம். ஒற்றை சிலிண்டர் சீமை மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அதை ஓட்டப் பயமில்லாத ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். பட்டறையில் அப்படிப்பட்ட கிறுக்கன் நான் ஒருவன்தான். ஐம்பதுகளின் பின்பாதி முழுவதும், சென்னைக்கு வெளியே யுத்த காலத்தில் போட்டுவிட்டுப் போன ஒரு விமான ஓடுதளத்தில் அந்த வண்டியை ஓட்டினேன். வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவு காட்டியிருப்பார்கள். அதையே சுற்றிச் சுற்றி வர வேண்டும். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவதுதான், ஆனால் குதிரை நல்ல குதிரை. சில கோப்பைகள் வந்தன. முதலாளி அவற்றை ஆபீஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஒரு பந்தயத்தில் எனக்கு முன்னால் போனவனின் வண்டி எண்ணெய் கக்கியது. என் முன்சக்கரம் அதில் ஏறியதும் வழுக்கிவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் வண்டியை விட்டுவிட்டு உருள வேண்டும். நான் விடவில்லை. குரங்குப் பிடியாக ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே போய் விழுந்தேன். இடது மணிக்கட்டு நொறுங்கியது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. விரல்களை மடக்கினால் பாதிக்கு மேல் மடங்காது. கிளட்ச் பிடியை இழுத்துப் பிடிக்க முடியாத கையை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் என்ன செய்வது? பட்டறையில் நட்டுக்கூட இறுக்க முடியவில்லை.

முதலாளி நல்ல மனிதர். என்னை அனுப்பிவிடவில்லை, பஸ்ஸில் டிக்கெட் செக்கர் வேலை தருகிறேன் என்றார். யாரும் சந்தோஷப்பட வேண்டிய வேலைதான். எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. மற்றவன் ஓட்டுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே கிழவனாகிவிடுவேன் என்று தோன்றியது. வீட்டில் என் மனைவி சரசு, "கை போனாப் போகட்டும். வாயி நல்லாத்தானே இருக்குது. செக்கர் வேலைக்கு அதுதான் வேணும்" என்றாள். ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அப்போதுதான் ஃபோர்மேன் அர்த்தநாரி வீட்டுக்கு வந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டறை முழுவதும் அவர் பொறுப்பு. வெள்ளைச் சட்டைதான் போடுவார். நாளெல்லாம் எஞ்சினுக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பார், சாயங்காலம் பார்த்தால் சட்டையில் ஒரு கறை இருக்காது. குரலை உயர்த்த மாட்டார். திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். வேலை சரியாக இருந்தால் பேசாமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். தப்பாக இருந்தாலும் பேச மாட்டார், அங்கேயே நிற்பார். நாம் தப்பைக் கண்டுபிடிக்கும் வரை நிற்பார். அவர் நிற்பதைவிட அவர் அடித்தால் தேவலை என்று எல்லோரும் சொல்வோம். முதலாளிக்கு அவர் வார்த்தை வேதவாக்கு.

வந்தவர் என் கையைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "கியரைத் தள்ள உள்ளங்கை போதும். காருக்குக் கிளட்ச் கால்ல இருக்குது" என்றார். சரசு கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு.

விஷயம் என்னவென்றால், முதலாளி ஒரு கார்ப் பந்தயத்துக்கு வண்டி தயார் செய்துகொண்டிருந்தார். ஓடுதளத்தில் சுற்றும் பந்தயம் அல்ல. மூடாத ரோட்டில், ஊர்களின் நடுவே, மாடும் மனிதரும் போகும்போதே நாள்கணக்கில் ஓட வேண்டிய பந்தயம். ஓட்ட ஒருவர், இடது பக்கம் உட்கார்ந்து வழி பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். ஓட்டும் இடத்துக்கு முதலாளியின் தம்பி மகன் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருந்தார். அவரைச் சின்னவர் என்போம். பணக்காரப் பிள்ளை என்று அவரைத் தள்ளிவிட முடியாது. மீசை முளைப்பதற்கு முன்பே கார் ஓட்டியவர், துணிச்சல்காரர், என்னிடம் மரியாதையாகவும் நடந்துகொண்டார். ஃபோர்மேன் என் பெயரையும் சொன்னதும் முதலாளி ஒரு வழி சொன்னார். கொல்லிமலை ரோட்டில் இரண்டு பேரும் பழகுங்கள், மழைக்கு முன்னால் ஒரு நாள் ஓட விட்டுப் பார்ப்போம், நேரம் குறைந்தவர் ஓட்டட்டும், மற்றவர் பழைய வேலையைப் பார்க்கட்டும் என்றார். சின்னவருக்குப் பழைய வேலை என்று ஒன்றும் கிடையாது. எனக்கு இருந்தது. செக்கர் சட்டைக்கு அளவெடுக்கத் தையல்காரர் ஏற்கெனவே ஆள் விட்டிருந்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ரோடு இன்றைக்கு இருப்பது போலவா இருந்தது? தார் கிடையாது. உடைத்துப் பரப்பிய கப்பிக்கல், செம்மண், சில இடங்களில் வெறும் பாறை. பள்ளத்துப் பக்கம் சுவரும் இல்லை, கம்பியும் இல்லை. ஒரு லாரி போனால் எதிரே வரும் லாரி அகலமான இடம் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

முதல் நாள் ஃபோர்மேன் இடது பக்கம் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் என் உடம்பு தானாக உள்பக்கம் சாய்ந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். சில வளைவுகள் பார்த்துவிட்டு அவர் மெதுவாக, "வண்டி சாயப் போறதில்லை. நீ எதுக்குச் சாயறே?" என்றார். அது சிரிக்கிற விஷயம், ஒரு வாரத்தில் போய்விட்டது. இன்னொன்று சிரிக்கிற விஷயம் அல்ல.

மோட்டார் சைக்கிள்காரனுக்கு அவன் உடம்பு முடிகிற இடத்தில் வண்டியும் முடிந்துவிடும். பள்ளத்தின் விளிம்பில் ஒரு முழ இடம் இருந்தால் போதும், போய்விடுவான். காரில் நான் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இடது பக்கம் இன்னொரு ஆள், அவருக்கு அப்பால் கதவு, கதவுக்குக் கீழே சக்கரம். அந்தச் சக்கரம் என் கண்ணுக்குத் தெரியாது. நான் விளிம்பிலிருந்து தள்ளி இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓட்டுகிறேன், இடது சக்கரமோ விளிம்புக் கற்களைப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டு வருகிறது. கல் உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. ஃபோர்மேன் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "நிறுத்து" என்றார். இறங்க அவர் பக்கம் கதவைத் திறந்தால் காலை வைக்கத் தரையில்லை. என் பக்கமாகத்தான் இறங்கினார். மோட்டார் சைக்கிளிலிருந்து வருகிற ஒவ்வொருவனும் செய்கிற தப்பு இது என்று பிற்பாடு தெரிந்தது.

மறுநாள் அவர் நீளமான தேங்காய்நார் வடக்கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார். முதலில் அடிவாரத்தில், காய்ந்த ஏரியில், கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டார். இடது சக்கரங்கள் இரண்டும் கயிற்றின் மேலேயே ஏறிப் போக வேண்டும். கயிற்றில் ஏறினால் சீட்டில் ஒரு சின்ன நடுக்கம் வரும். இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். கண்ணால் பார்க்க முடியாததை உட்காரும் இடத்தால் தெரிந்துகொள்ள வேண்டும். நேர்கோட்டில் பழகியதும் வளைத்துப் போட்டார். அதுவும் பழகியதும் கயிற்றை எடுத்துவிட்டு, அது கிடந்த இடத்தில் கோலமாவைத் தூவினார். பெரிய டப்பா ஒன்று கையோடு வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஆண்பிள்ளை குனிந்து ரோட்டில் மாவு தூவுவதைப் பார்த்துப் போகிறவர்கள் நின்று சிரிப்பார்கள். அவர் பாட்டுக்குத் தூவுவார். நான் ஓட்டிப் போனதும் டயர் தடம் மாவின் மேல் இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்று நடந்து போய்ப் பார்ப்பார். தள்ளி இருந்தால் அங்கேயே நிற்பார்.

அதோடு ஒரு கேள்வி. சாப்பிட்டுக்கொண்டிருப்போம், "இடது சக்கரம் எங்கே இருக்குது?" என்பார். நிற்கிற வண்டியைத் திரும்பிப் பார்க்காமல், எந்தக் கல்லுக்கு எவ்வளவு தள்ளி என்று கையால் காட்ட வேண்டும். சோறு தொண்டையில் இறங்குவதற்குள் கேட்பார். எரிச்சலாக வரும். ஆனால் ஒரு மாதத்தில் அந்தச் சக்கரம் எனக்கு இன்னொரு பாதம் மாதிரி ஆகிவிட்டது. ரோட்டின் மேலேயே கயிறு போட்டு, விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே, அதன் மேல் ஓட்டினேன். சின்னவரையும் ஃபோர்மேன் கூப்பிட்டார். அவர் ஒரு நாள் வந்து, முதல் தடவையிலேயே கயிற்றின் மேல் அழகாக ஓட்டிக் காட்டிவிட்டு, "புரிஞ்சுதுங்க" என்று போய்விட்டார். புரிந்துதான் இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்த பாடம் ஃபோர்மேன் நடத்தியது அல்ல. மலைமேல் இருக்கும் சோளக்காட்டுக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறது. ஏறும்போது வலது பக்கம் பாறைச்சுவர், இடது பக்கம் பள்ளம், ரோடு பாறையைச் சுற்றி வலதுபுறம் திரும்பும். அந்தப் பக்கம் என்ன வருகிறதென்று துளியும் தெரியாது. பந்தயக்காரன் அந்த இடத்தில் சுவரை உரசிக்கொண்டு வெட்டுவான். அதுதான் குறுகிய வழி. நானும் வெட்டினேன். சுவரோரம் ஒரு பெண் தலையில் பலாப்பழக் கூடையோடு நின்றாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து சுமைக்காரர்கள். பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டேன், நல்ல இடைவெளி இருந்தது. ஹாரன் அடித்தேன். அவள் நகரவில்லை. ஒரு கை கூடையில், ஒரு கை பாறையில். தலையை எட்டி நீட்டி, "ஏனுங்க அக்கா, கொஞ்சம் வெளிப்பக்கமா ஒதுங்கிப் போங்களேன்" என்றேன்.

"வண்டியில என்ன சாமி சுமை?" என்று கேட்டாள்.

"சுமை ஒண்ணுமில்லீங்க. பழகறதுக்கு ஓட்டறோம்."

"அப்ப நீ வெறுங்கை. நாங்க சுமையோட வாரோம். தடத்துல எதிரெதிரா வந்தா வெறுங்கைக்காரன்தான் ஒதுங்கணும். எங்க நாட்டுல அதுதான் முறை. கழுத்துல பாரம் வெச்சிட்டுப் பள்ளத்துப் பக்கம் எப்படிப் போறது? சுவத்தோரம் எங்களுது."

அவள் பெயர் நல்லம்மா, திண்ணனூர் நாட்டுக்காரி (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு), பழமும் மிளகும் அடிவாரச் சந்தைக்குச் சுமந்து இறங்குகிறவள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில், கார் எங்கே, தலைச்சுமை எங்கே என்று சட்டம் பேசத் தயாராக இருந்தேன். துணைக்கு ஃபோர்மேனைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தம்மா சொல்றது சரிதானே? ரிவர்ஸ் போடு" என்றார்.

அகலமான இடம் வரும் வரை, பின்பக்கமாகவே இறங்கினேன். அவர்கள் வரிசையாகச் சுவரோரம் கடந்து போனார்கள். நல்லம்மா போகிற போக்கில், "நல்லா இரு கண்ணு" என்றாள். எனக்கு அது கிண்டலாகப் பட்டது.

அன்று முதல் ஃபோர்மேன் ஒரு விதி வைத்தார். எந்த வளைவிலும் சுவரை ஒட்டி ஒரு சுமைக்கார ஆள் நிற்கிற அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நான் விடவில்லை, வாதாடினேன். "சுவத்தை விட்டா நேரம் போயிருமுங்க. சின்னவர் வெட்டித்தான் ஓட்டறாரு."

"போகட்டும். போனதை வேற எங்காச்சும் புடி."

எங்கே பிடிப்பது? நாள்கணக்காக அந்த வளைவிலேயே ஏறி இறங்கினேன். எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். சுவரைத் தொட முடியாது என்றால் பள்ளத்துப் பக்கமே இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டியிருந்தது. அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆனால் பொறுத்திருந்து கடைசியில் திருப்பினால், வண்டியின் மூக்கு அடுத்த நேர்ரோட்டைச் சீக்கிரமே பார்த்துவிடுகிறது. சுவரை வெட்டியவன் வளைவை விட்டு வெளியே வரும்போது வண்டி பள்ளத்தை நோக்கி ஒதுங்கும், அவன் ஆக்சிலேட்டரில் காலை வைக்கப் பயப்படுவான். நான் அதற்குள் முழுக்க அமுக்கியிருப்பேன். உள்ளே போகும்போது விட்டதை வெளியே வரும்போது எடுத்துவிடலாம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஃபோர்மேனிடம் சொன்னேன். அவர் பேசாமல் பானெட்டைத் திறந்து எண்ணெய் பார்க்கப் போய்விட்டார்.

ஆனால் அதற்கு இடது சக்கரம் பள்ளத்தின் விளிம்பிலேயே ஓட வேண்டும். கயிறு எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

போட்டி நாள் வந்தது. ஒரே கார், ஆளுக்கு இரண்டு ஓட்டம், காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை, இரண்டையும் கூட்டி நேரம் குறைந்தவருக்கு வண்டி. எடை ஒன்றாக இருக்க இரண்டு பேருக்கும் ஃபோர்மேனே இடது பக்கம் உட்காருவார். முதலாளி அனுமதி வாங்கி ரோட்டை அடைத்திருந்தார். முந்தின நாளே தண்டோரா போட்டாயிற்று. முக்கியமான வளைவுகளில் சிவப்பும் பச்சையுமாகக் கொடிகளோடு கம்பெனி ஆட்கள் நின்றார்கள்.

சின்னவர் முதலில் ஓடினார். நான் கீழே நின்று சத்தத்தைக் கேட்டேன். கியர் மாற்றும் சத்தத்தில் ஒரு தடுமாற்றம் இல்லை. நல்ல ஓட்டம். அவரை மேலே விட்டுவிட்டு வண்டியை ஃபோர்மேன் கீழே கொண்டுவந்தார்.

நான் ஏறினேன். முதல் வளைவுகளிலேயே வண்டி என் கைக்கு வந்துவிட்டது. உள்ளங்கையால் கியரைத் தள்ளினேன், கோணல் கை என்ற நினைப்பே இல்லை. கொடிக்காரர்கள் பச்சைக் கொடி காட்டினார்கள். சின்னவரைவிட வேகமாகப் போகிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்தது. பந்தயக்காரனுக்கு அது கடிகாரம் இல்லாமலே தெரியும். அப்படியே சோளக்காட்டுக்குக் கீழே அந்த வளைவுக்கு வந்தேன்.

கொடிக்காரர்கள் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மலைக்காரர்கள் ரோட்டை முழுதாக நம்புகிறவர்கள் இல்லை. ரோடு சுற்றிச் சுற்றிப் போகும், அவர்கள் காட்டுத் தடத்தில் குறுக்கே இறங்கி, ஒரு வளைவில் ரோட்டுக்கு வந்து, கொஞ்சம் நடந்து, மறுபடி தடத்தில் இறங்கிவிடுவார்கள். தண்டோராவைக் கேட்டவர்களும் வண்டிகளுக்குத்தான் அது என்று எடுத்துக்கொண்டார்கள். நான் வளைவுக்குள் நுழைந்தபோது சுவரோரம் ஒரு வரிசையே இருந்தது. மரவள்ளி மூட்டைகள், வாழைத்தார்கள், கடைசியில் இரண்டு பேர் தோளில் கம்பு கொடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த ஆட்டுக்கல். ஒவ்வொருவர் கையும் பாறையில் இருந்தது.

ஆட்டுக்கல் தூக்கியவர்கள் ஒரு ஆள் அகலத்துக்குள் அடங்கவில்லை. வளைவில் திரும்பும்போது கம்பு குறுக்கே ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. நான் விட்டிருந்த இடம் போதாது. நிறுத்தவும் முடியாது. அந்த இடத்தில் ஜல்லி, பிரேக்கை மிதித்துச் சக்கரத்தைப் பூட்டினால் வண்டி நேராகச் சறுக்கிக்கொண்டு பள்ளத்துக்குப் போகும். வலது பக்கம் நகர இடமில்லை. இடது பக்கம் ஒரு சாண் இருந்தது. அந்தச் சாணை நான் எட்டிப் பார்க்க முடியாது.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஸ்டியரிங்கைக் கொஞ்சமாக இடது பக்கம் விட்டேன். சக்கரம் கப்பியை விட்டு விளிம்பு மண்ணுக்கு இறங்குவது சீட்டில் தெரிந்தது. மண் மெத்தென்று இருந்தது, ஆனால் தாங்கியது. இதற்கு மேல் இல்லை என்று எனக்குத் தெரிந்த இடத்தில் பிடித்துக்கொண்டேன். கல் உருளும் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. வலது பக்கம் கம்பின் முனை என் கதவைத் தொடாமல் போனது. கம்பை முன்னால் தூக்கி வந்தவனின் முகத்தைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்கவே இல்லை, காலடியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். எல்லோரையும் தாண்டியதும் வண்டியை ரோட்டுக்கு ஏற்றினேன். வேகம் முழுக்கச் செத்துப்போயிருந்தது. முதல் கியருக்கு வந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஃபோர்மேனின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

மேலே முதலாளி நேரத்தை வாசித்தார். சின்னவரைவிட நான் பின்தங்கியிருந்தேன், சிறு வித்தியாசம் இல்லை, அடுத்த ஓட்டத்தில் எட்டிப் பிடிக்க முடியாத வித்தியாசம். நடந்ததை ஃபோர்மேன் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். நானும் சொல்லவில்லை. பட்டறையில் காரணம் சொல்கிறவனை அவர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே கொதித்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த மனிதர், வாயைத் திறந்தால் என்ன குறைந்துவிடும்? தையல்காரரின் முகம் எனக்குக் கண்முன் வந்து நின்றது. அப்படித் தோற்றுப்போனதாக நான் ஓடுதளத்தில் விழுந்த அன்றுகூட நினைத்ததில்லை.

காபி முடிந்ததும் ஃபோர்மேன் முதலாளியிடம் போனார். "அடுத்த ஓட்டத்துக்குக் கொடிக்காரங்களை எடுத்துடலாமுங்க. வண்டிகளை மட்டும் மேலயும் கீழயும் நிறுத்திக்கலாம். நடக்கறவங்க நடக்கட்டும்."

"ஆளுங்க குறுக்க வந்தா நேரம் எப்படிங்க ஒப்பிடறது?" என்றார் முதலாளி. ஃபோர்மேனுக்கு அவரே 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

"பந்தயத்துலயும் வருவாங்களே."

முதலாளி சின்னவரைப் பார்த்தார். சின்னவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "எனக்குச் சம்மதமுங்க பெரியப்பா" என்றார். ஃபோர்மேனை ஏற்றிக்கொண்டு இறங்கினார்.

நாங்கள் மேலே காத்திருந்தோம். கீழே ரொம்ப தூரத்தில் எஞ்சின் சத்தம் கிளம்பியது. கூடவே ஹாரன். வளைவுக்கு வளைவு, விடாமல் ஹாரன். மேலே வர வர அந்தச் சத்தம் பெரிதானது. ஓர் இடத்தில் எல்லாச் சத்தமும் நின்றது. நான் எழுந்துவிட்டேன். பிறகு எஞ்சின் மறுபடி கிளம்பியது. வண்டி சோளக்காட்டுக்கு வந்து நின்றபோது இடது சீட்டில் யாரும் இல்லை.

சின்னவர் இறங்கினார். முகத்தில் குழப்பம். "ஒண்ணும் ஆகலீங்க. யார் மேலயும் படலை. ஹாரன் அடிச்சேன், சுவத்தோரம் இருந்தவங்க சாக்கடைக்குள்ள எறங்கி நின்னாங்க, நான் சுத்தமா வெட்டி வந்துட்டேன். இவரு நிறுத்தச் சொன்னாரு. இறங்கி, கதவைச் சாத்திட்டு, நீங்க போங்கன்னுட்டாரு. எதுக்குன்னு தெரியலை."

முதலாளி நேரத்தை வாசிக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ வண்டியைக் கீழ கொண்டு போ. உன் ஓட்டம் பாக்கி இருக்குது" என்றார்.

இறங்கினேன். கொஞ்ச தூரத்தில் ஃபோர்மேன் மேல்நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். சுவரோரமாக, ஒரு கையால் பாறையைத் தொட்டபடி. வெள்ளைச் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. நான் நிறுத்தியதும் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க இறங்கிட்டீங்க?"

"நடக்கலாம்னு தோணுச்சு."

"கீழ போயி மறுபடி ஏறணுமுங்களா?"

"கீழ போ" என்றார். "முதலாளிகிட்ட சாயங்காலம் நான் பேசிக்கறேன்."

இரண்டு மூன்று வளைவு போயிருக்கும், பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஃபோர்மேன் தூங்கிக்கொண்டிருந்தார். தலை கதவின் மேல் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, நல்ல குறட்டை. ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் பள்ளம் அவர் பக்கம் வந்தது. எதிரே சந்தையிலிருந்து திரும்புகிறவர்கள் மூட்டைகளோடு சுவரோரம் ஏறி வந்தார்கள். அவர்களுக்கு இடம் விட்டு, இடது சக்கரத்தை விளிம்போடு ஓட்டிப் போனேன். அவர் தலைக்குக் கீழே கதவு, கதவுக்குக் கீழே ஒரு சாண் மண், அதற்குக் கீழே அடிவாரம் வரை ஒன்றுமில்லை. அவர் அசையவில்லை. காரவள்ளி வரை அப்படியே ஓட்டினேன்.

வண்டி நின்றதும் விழித்துக்கொண்டார். "வந்தாச்சா?" என்றார்.

"வந்தாச்சுங்க."

இறங்கிக் காலை உதறிக்கொண்டார். குனிந்து தான் உட்கார்ந்திருந்த சீட்டின் அடியில் பார்த்தார். "இதை ஒரு சாண் பின்னால தள்ளிப் போடு. பந்தயத்துல நாள்கணக்கா காலை மடக்கிட்டு என்னால உட்கார முடியாது."

சரிங்க என்றேன். பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாக அந்தச் சீட்டின் நட்டுகளைக் கழற்றினேன்.